‘அழகாக இருக்கிறது’ என்று சொன்னால் போதுமா?

நம் மன்ற நிகழ்ச்சிகளில் ஓயாமல் ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு. கவிதை வாசித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கியவரிடம் அதைச் சொல்கிறோம். நாடகத்தில் நடித்தவரிடமும் சொல்கிறோம். தான் வரைந்த ஓவியத்தைத் தயங்கித் தயங்கி நீட்டுபவரிடமும் அதையே சொல்கிறோம். ‘அழகாக இருக்கிறது’ என்பதே அவ்வாசகம். சொல்பவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. கேட்பவருக்கும் உள்ளம் குளிர்கிறது. ஆனால், அவர் அடுத்த முறை இதைவிடச் சிறப்பாகச் செய்வதற்கு அந்த வாசகம் எவ்வகையில் உதவியது? சற்றே நின்று சிந்தித்தால், எவ்வகையிலும் உதவவில்லை என்பதுதான் விடை.

இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். வண்ணப் பென்சிலால் செடிகொடிகளை வரைவதைப் பற்றியே எழுதப் போகிறேன். தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம், வேலை வாய்ப்பு, சமுதாயப் பொருளாதாரம் என எழுத எத்தனையோ இருக்க, செடி வரைவதைப் பற்றியா என்று கேட்கலாம். ஒருவர் படைப்பு மேம்பட நண்பர்கள் எப்படி உதவுவது என்ற கேள்வி நம் எல்லாருக்கும் உரியது. அக்கேள்விக்கு நான் கண்ட மிகத் தெளிவான விடை ஒரு வரைமேசையில்தான் கிடைத்தது. ஆகவே அந்த மேசையிலிருந்தே பேசுகிறேன்.

கடந்த ஈராண்டுகளாக எங்கள் விடுதியில் ஐந்தாறு பேர் சனிக்கிழமை காலைகளில் கூடி வரைகிறோம். நானும் இன்னொருவரும் உயிரியல் மாணவர்கள். மற்றவர்கள் பொறியியல், கணக்கியல், தமிழியல் என்று வெவ்வேறு துறையினர். கற்றுக் கொடுக்க ஆசிரியர் எவரும் இல்லை. மேசை நடுவில் ஒரு கண்ணாடிக் குவளையில் அன்றைக்குரிய செடி இருக்கும். சில வாரங்களில் வளாகத்திலுள்ள ரிம்பா இல்மு தாவரவியல் பூங்காவுக்கே போய் அமர்ந்து வரைவோம். 1974இல் தொடங்கப்பட்டு, ஏறத்தாழ 80 ஹெக்டர் பரப்பில் விரிந்திருக்கும் அப்பூங்காவை, நம் மாணவர்களில் பலர் பட்டம் பெறும் வரையில் ஒரு முறைகூட எட்டிப் பார்ப்பதில்லை என்பது தனிக் கதை.

தாவர ஓவியம் மற்ற ஓவியங்களிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. பூவைக் கண்டதும் நம் மனத்தில் எழும் உணர்வை வரைவது அன்று அதன் நோக்கம். அந்தச் செடியை இதுவரை கண்டிராத ஒருவர், ஓவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டில் அதை அடையாளம் காண வேண்டும். இலைகள் தண்டில் எப்படி அமர்ந்திருக்கின்றன, நரம்புகள் எப்படி ஓடுகின்றன, இதழ்கள் எத்தனை, காம்பின் நீளம் என்ன என்பவை எல்லாம் சரியாக இருத்தல் அவசியம். புகைப்படக் கருவி வந்த பிறகும் இக்கலை அழியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். புகைப்படம் ஒரு நொடியில் ஒரு கிளையைக் காட்டும். ஓவியமோ மொட்டையும் மலரையும் காயையும் ஒரே தாளில் வைத்து, வேண்டாத நிழலை நீக்கி, வேண்டிய உறுப்பை வெட்டித் திறந்தும் காட்டும். புதிய தாவர இனங்களை அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் வரைபடங்கள் இடம்பெறுவதை உயிரியல் மாணவர்கள் அறிவர்.

இக்கலை நம் வட்டாரத்துக்குப் புதிதும் அன்று. 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிருவகித்த வில்லியம் ஃபார்க்குவார், இம்மண்ணின் செடிகளையும் விலங்குகளையும் சீன ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். அத்தொகுப்பின் 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் உடைமையாக உள்ளன. வரைந்தவர்களின் பெயர்கள் மட்டும் தெரியவில்லை. அதே நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட், ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்களின் துணையோடு தம் நூல்களை வெளியிட்டார். கோவிந்துவின் நினைவாக ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று 1853இல் பெயரும் சூட்டினார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அப்படங்கள் ஒற்றை மனிதரின் தனிமையில் பிறந்தவை அல்ல. வரையும் கை ஒருவருடையது, சரிபார்க்கும் கண் இன்னொருவருடையது.

அந்த இரண்டாவது கண்ணைத்தான் நாம் ஒருவருக்கொருவர் தர மறுக்கிறோம் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1960இல் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட புங்கா ராயாவை, அதாவது செம்பருத்தியை, வரையாத மலேசிய மாணவர் இருக்க முடியாது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் வகுப்புச் சுவரெங்கும் அதுதான். ஐந்து இதழ்களும் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும் என்பதையும் மனனம் செய்திருக்கிறோம். ஆகவே இதழ் ஐந்து என்பது எல்லாருக்கும் தெரியும். மற்றவை?

எங்கள் மேசையில் ஒரு தோழி செம்பருத்தியைப் பென்சில் கோட்டில் வரைந்து முடித்தார். பார்த்தவுடன் எல்லாரும் வழக்கமான வாசகத்தைச் சொன்னோம். கணக்கியல் படிக்கும் நண்பர் மட்டும் குவளையிலிருந்த பூவைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, “நடுத்தண்டின் நுனியில் உருண்டை எத்தனை இருக்கிறது?” என்று கேட்டார். ஓவியத்தில் மூன்று இருந்தன. பூவில் ஐந்து இருந்தன. அதன் பிறகு எல்லாருமே பூவைப் பார்க்கத் தொடங்கினோம். ஓவியத்தில் ஐந்து இதழ்களும் காற்றாடியின் தகடுகள் போலத் தனித்தனியாக நின்றன. பூவிலோ ஒவ்வோர் இதழும் ஒரு விளிம்பால் அடுத்த இதழை மூடி, மறு விளிம்பை முந்தைய இதழின் அடியில் ஒளித்துக்கொண்டு, ஒரே திசையில் சுழன்றிருந்தது. பூவைக் கவிழ்த்துப் பார்த்தபோது, பச்சைப் புல்லிவட்டத்துக்குக் கீழே ஒடுக்கமான சிறு இலைகள் போன்ற இன்னொரு வட்டம் இருந்தது. ஓவியத்தில் அவ்வட்டமே இல்லை.

இருபது நிமிடங்களில் அந்த ஓவியம் வேறோர் ஓவியமாகிவிட்டது. இதில் வியப்பு என்னவென்றால், முதல் கேள்வியைக் கேட்ட நண்பருக்கு வரையவே வராது. அவர் எங்களோடு வந்து அமர்வது பசியாறப் போகும் வரை பொழுது போக்கத்தான். ஐந்து வரை எண்ணத் தெரிந்ததும், பூவைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியதுமே அவருடைய தகுதி. அந்தத் தகுதி நம் எல்லாருக்கும் இருக்கிறது.

இன்னோர் எடுத்துக்காட்டு. தோட்டப்புறங்களிலும் சாலையோரப் புதர்களிலும் ஊதாப் பூக்களோடு நிற்கும் செண்டுடுக் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டவர்களும் இங்கே இருப்பீர்கள். இதன் இலையை வரையச் சொன்னால், பெரும்பாலோர் நடுவில் ஒரு நரம்பை இழுத்து, இரு பக்கமும் மீன்முள்போல் கிளை நரம்புகளைப் போடுவார்கள். இலை என்றாலே நம் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. உண்மையில் செண்டுடுக் இலையில் முதன்மை நரம்புகள் அடியிலிருந்தே பிரிந்து, விளிம்புக்கு இணையாக வளைந்தோடி நுனியில் போய்ச் சேர்கின்றன. பூவின் நடுவிலும் மகரந்தத் தாள்கள் ஒரே மாதிரியானவை அல்ல. நீண்டு வளைந்த ஊதா நிறத்தவை ஐந்து, குட்டையான மஞ்சள் நிறத்தவை ஐந்து. இவற்றைத் தவறவிட்டால் அது வேறு ஏதோ ஒரு செடியின் படமாகிவிடும். வரைபவரின் கை பழக்கத்தில் ஓடும்போது, பக்கத்தில் இருப்பவரின் கண்தான் அதைத் தடுத்து நிறுத்த முடியும்.

இங்கே வண்ணப் பென்சிலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஏனெனில் கருத்துரை எப்போது வர வேண்டும் என்பதை இந்தக் கருவியே கற்றுத் தருகிறது. வண்ணப் பென்சிலில் ஒரே அழுத்தில் நிறம் கொண்டு வர முடியாது. கூர்மையான முனையால் மெல்லிய அடுக்காகப் பூச வேண்டும். அதன்மேல் இன்னோர் அடுக்கு, அதன்மேல் இன்னொன்று என்று வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும். தாளின் நுண்ணிய சொரசொரப்பில்தான் நிறம் பிடிக்கிறது. அந்தச் சொரசொரப்பு நிரம்பிவிட்டால் மேற்கொண்டு எதுவும் ஒட்டாது. அழுத்திப் பூசிய நிறத்தை அழிப்பான் முழுமையாக எடுக்கவும் எடுக்காது. இலையில் வெளிர் நரம்பு வேண்டுமானால், நிறம் பூசும் முன்பே மழுங்கிய ஊசியால் தாளில் பள்ளக் கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். பென்சில் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போவதால் கோடு வெள்ளையாக நிற்கும். இதழின் பளபளப்புக்கு வெள்ளைப் பென்சிலை நம்புவதைவிட, தாளின் வெள்ளையையே தொடாமல் விட்டுவைப்பது நல்லது.

அப்படியானால், நரம்பு தவறு என்பதை எப்போது சொல்ல வேண்டும்? பள்ளக் கோடு இழுப்பதற்கு முன் சொன்னால் அது உதவி. ஏழு அடுக்கு பச்சை பூசிய பிறகு சொன்னால், அது வெறும் குறைகூறல். நாம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறோம். முடிந்த படைப்பு சுவரில் தொங்கும்போதுதான் அருகில் போகிறோம். அப்போது நமக்கு இரண்டே வழிகள் உள்ளன: ஒன்று, புகழ்ந்துவிட்டு நகர்வது. மற்றொன்று, முதுகுக்குப் பின்னால் பேசுவது. இரண்டுமே ஓவியருக்குப் பயன்படுவதில்லை.

ஆகவேதான் எங்கள் மேசையில் மூன்று இடங்களில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வலப்பக்கம் இருப்பவரிடம் கொடுக்கிறோம். முதல் நிறுத்தம், கோடு மட்டும் போட்ட நிலை. இங்கே நிறத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது. அளவு, எண்ணிக்கை, அமைப்பு ஆகியவை மட்டுமே பேசப்படும். கறிவேப்பிலைக் கொத்தில் சிற்றிலைகள் சோடி சோடியாக எதிரெதிரே நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா என்பன போன்ற கேள்விகள் இங்கேதான் வரும். இரண்டாம் நிறுத்தம், முதல் வெளிர் அடுக்கு பூசிய பின். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இங்கே பார்க்கிறோம். இடப்பக்க மேல்மூலையிலிருந்து ஒளி விழுவதாக வரைவது தாவர ஓவியர்களின் வழக்கம். பூவுக்கு ஒரு பக்கமும் இலைக்கு மறுபக்கமும் நிழல் விழுந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

மூன்றாம் நிறுத்தம், அடர்நிறம் வைப்பதற்கு முன். இங்கே கைப்பேசி உதவிக்கு வருகிறது. ஓவியத்தைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தால், சிவப்பு இதழும் பச்சை இலையும் பல வேளைகளில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். நிறம் வேறாக இருந்தும், ஒளியின் அளவு ஒன்றாகவே இருப்பதால்தான் அந்த ஓவியம் தட்டையாகக் காட்சியளிக்கிறது. நிழலுக்குக் கறுப்பைத் தேய்ப்பதும் ஒரு பொதுவான பழக்கம். செம்பருத்தியின் மடிப்பில் கறுப்பைத் தேய்த்தால் இதழ் கரி படிந்ததுபோல் ஆகிவிடும். அடர்சிவப்பும் ஊதாவும் சேர்ந்தால் மடிப்பு ஆழமாகும், இதழுக்கும் உயிர் இருக்கும். பச்சை இலையின் நிழலில் சிறிது சிவப்பைக் கலந்தால் பச்சை அடங்கும். இவற்றை ஒருவர் கண்டுபிடித்தால், அடுத்த வாரம் மேசையில் உள்ள அனைவரும் செய்து பார்க்கிறோம். பன்னிரண்டு பென்சில் உள்ள பெட்டியே இதற்குப் போதும். நம்மில் பலருக்குப் பெரிய பெட்டி வாங்க வசதி இல்லை என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

இம்முறை எங்கள் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்கக் கல்வியாளர் ரோன் பெர்கர் ஒரு மாணவனின் ஓவியங்களைப் பல இடங்களில் காட்டிப் பேசியிருக்கிறார். ஐடாஹோ மாநிலத்தின் போய்சி நகரில் ஒன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், புகைப்படத்தைப் பார்த்து ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைந்தான். முதல் படம் எல்லாச் சிறுவர்களும் வரைவது போன்றதுதான். வகுப்புத் தோழர்கள் அதையும் புகைப்படத்தையும் ஒப்பிட்டுக் கருத்துச் சொன்னார்கள். முதலில் இறக்கையின் வடிவத்தை மட்டும் பேசினார்கள். வடிவம் சரியான பிறகே இறக்கைக்குள் இருக்கும் கோலங்களைப் பேசினார்கள். ஆறாவது படம், அறிவியல் நூலில் அச்சிடத்தக்கதாக இருந்தது. கருத்துச் சொன்னவர்கள் ஆறேழு வயதுப் பிள்ளைகள். சொல்வது அன்பாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், பயன்பட வேண்டும் என்பவையே பெர்கர் வலியுறுத்தும் நெறிகள். ஆறு வயதில் அவர்களால் முடிந்தது, இருபத்திரண்டு வயதில் நம்மால் முடியாதா?

இதற்கு எதிராக எழும் கருத்துகளையும் நான் கேட்டிருக்கிறேன். அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, தெரியாதவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லி என்ன பயன் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அடுக்குகளை எப்படிப் பூசுவது, எந்தத் தாள் நல்லது, எந்தப் பென்சிலின் நிறம் ஒளி பட்டு வெளுத்துவிடும் என்பவற்றை அனுபவசாலி ஒருவரிடம்தான் கற்க வேண்டும். நண்பர்கள் கூடி ஊகிப்பதால் கை தேறாது. ஆனால் பூவில் எத்தனை இதழ் என்று சொல்வதற்கு நிபுணர் வேண்டியதில்லை. மேசையில் பூ இருக்கிறது. கருத்து வேறுபாடு வந்தால் அதைப் பார்த்தால் போதும். பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. தாவர ஓவியம் நண்பர்களின் கருத்துரைக்கு மிகவும் ஏற்ற கலையாக இருப்பது இதனால்தான். இங்கே நீதிபதி, வயதில் மூத்தவரும் அல்லர், குரல் உயர்ந்தவரும் அல்லர். குவளையில் இருக்கும் செடியே நீதிபதி.

இரண்டாவது, எல்லாரும் கருத்துச் சொன்னால் எல்லா ஓவியங்களும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்பது. இதழ்களின் எண்ணிக்கையில் ஒரே மாதிரி ஆகத்தான் வேண்டும். கிளையைத் தாளில் எந்தச் சாய்வில் வைப்பது, எந்த இலையை முன்னே கொண்டு வருவது, பூச்சி அரித்த இலையை வரைவதா விடுவதா என்பன ஓவியரின் உரிமை. எங்கள் மேசையில் கருத்துச் சொல்பவருக்குப் பென்சிலைத் தொட அனுமதி இல்லை. கேட்டுக்கொள்வதும் தள்ளுவதும் வரைபவரின் முடிவு. தள்ளுவதற்கு முன் செடியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே விதி.

மூன்றாவதுதான் கடினமானது. நம் பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான அளவு காயப்பட்டவர்கள், இங்கேயாவது பாராட்டு கிடைக்கட்டுமே என்று ஒரு மூத்த மாணவர் என்னிடம் சொன்னார். இதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன தலைமுறையைச் சேர்ந்தவன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன் எழுந்து மலாயில் விடை சொன்னால், உச்சரிப்பைக் கேட்டுப் பின்வரிசை சிரிக்கும். சிரிப்பு ஒரு திருத்தமன்று. எந்தச் சொல் பிழை, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அந்தச் சிரிப்பு சொல்லாது. வாயை மூடிக்கொள் என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த வகுப்புகளிலிருந்து நம்மில் பலர் ஒரு பழக்கத்தோடு வெளியே வந்திருக்கிறோம். முழுமை அடையாத எதையும் பிறர் கண்ணில் காட்டாமல் மறைத்துக்கொள்வதே அப்பழக்கம்.

அந்தக் காயத்துக்குப் புகழ்ச்சி மருந்தாகும் என்று நான் நம்பவில்லை. புகழ்ச்சியும் அந்தச் சிரிப்பைப் போலவே படைப்பைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்க்கிறது. “நீ கெட்டிக்காரன்” என்பதும் “உனக்கு வராது” என்பதும் ஒரே இடத்தைப் பார்த்துப் பேசப்படுபவை. மாறாக, “இந்த இலையின் அடிப்பகுதி ஒரு பக்கம் சற்று ஏறியிருக்கிறது, நீ வரைந்ததில் இரு பக்கமும் சமமாக இருக்கிறது, பார்” என்று ஒருவர் சொல்லும்போது, இருவரும் சேர்ந்து இலையைப் பார்க்கிறார்கள். அங்கே எவரும் தாழ்வதில்லை. எங்கள் மேசையில் ‘நீ’ என்று தொடங்கும் கருத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். ‘இலை’, ‘காம்பு’, ‘நிழல்’ என்று தொடங்க வேண்டும். விளையாட்டாக வைத்த விதிதான். ஆனால் மேசைக்கு முதன்முறையாக வருபவரின் தோள் தளர்வதை இந்த விதி வந்த பிறகே பார்த்தேன். திருவள்ளுவரும் இடித்துரைப்பதை நட்பின் கடமையாகவே வைத்திருக்கிறார். நட்பைப் பற்றிய குறள்களை மேடையில் முழங்கும் நாம், நண்பரின் தாளைப் பார்த்து ஒரு சொல் திருத்தம் சொல்ல ஏன் கூச வேண்டும்?

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நாங்கள் ஆங்கிலமும் மலாயும் கலந்தே கருத்துச் சொல்லி வந்தோம். தமிழியல் தோழி வந்து சேர்ந்த பிறகுதான் மேசையில் தமிழ்ச் சொற்கள் நடமாடத் தொடங்கின. ‘இந்தப் பச்சை சரியில்லை’ என்றால் வரைபவருக்கு என்ன விளங்கும்? ‘இது தளிரின் பச்சை, செடியில் இருப்பது முற்றிய இலை’ என்றால் உடனே கை எந்தப் பென்சிலுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். அரும்பு, மொட்டு, மலர், வீ என்று பூவின் ஒவ்வொரு நிலைக்கும், கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் ஒவ்வொரு பருவத்துக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது. மேடைகளில் தமிழின் சொல்வளத்தைப் பெருமையாகப் பட்டியலிடுகிறோம். பட்டியலிலிருந்து அச்சொற்களை இறக்கி வேலைக்கு அனுப்பினால்தான் அவை நிலைக்கும். நாளைக்கு வாடிவிடும் பூவைப் பார்த்துக்கொண்டு ‘இது மொட்டா, மலரா’ என்று வாதிடும்போது, தமிழ் எங்களுக்குப் பாடமாக இல்லை, வேலை செய்யும் மொழியாக இருக்கிறது.

ஆம், பூ வாடிவிடும். செம்பருத்தி காலையில் விரிந்தால் பெரும்பாலும் ஒரே நாளில் சுருங்கிவிடும். முதலில் நிறத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பூசிக் குறித்துக்கொண்டு, பிறகு வடிவத்தை எடுக்க வேண்டும். நண்பர் கருத்துச் சொல்வதற்கும் அவ்வளவு நேரம்தான் இருக்கிறது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், ஒப்பிட்டுப் பார்க்கப் பூ இருக்காது. நம் மூன்றாண்டு, நான்காண்டுப் பல்கலைக்கழக வாழ்க்கையும் ஏறத்தாழ அப்படித்தான். ஒருவர் வேலையை ஒருவர் அருகிருந்து பார்த்துத் திருத்த வாய்ப்புள்ள காலம் இது. வேலைக்குப் போன பிறகு நம் பிழையை நயமாக எடுத்துச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கும்?

எனவே நம் மன்றத்தின் முன் சில பரிந்துரைகளை வைக்கிறேன். அடுத்த கலை இரவில் ஓவியக் கண்காட்சி வைப்போமானால், முடிந்த ஓவியத்தை மட்டும் மாட்ட வேண்டாம். அதன் பக்கத்தில் முதல் கோட்டுப் படத்தையும் மாட்டுவோம். இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்பதைப் பார்வையாளர்கள் தாங்களே காணட்டும். கீழே வரைந்தவரின் பெயரோடு கருத்துச் சொன்னவர்களின் பெயர்களையும் எழுதுவோம். மலாக்காவில் வரைந்த கைகளின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. நாம் வரைந்த கையையும் பார்த்த கண்ணையும் சேர்த்தே குறித்து வைக்கலாம். கண்காட்சிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒரு மேசையும் ஒரு குவளைச் செடியும் வைத்து, எல்லாத் துறை மாணவர்களையும் அழைப்போம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

முன்னாள் மாணவர்களான அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு நன்கொடை தருகிறீர்கள், முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறீர்கள். அதற்கு நன்றி. ஒரு சனிக்கிழமை காலையில் உங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து எங்களோடு அமருங்கள். வரையத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தாளையும் உங்கள் கிளையையும் மாறி மாறிப் பார்த்து, வேறுபடும் இடத்தைச் சுட்டிக்காட்டினால் போதும். கைதட்டலைவிட அது எங்களுக்குப் பெரிய உதவி.

பாராட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைப்பு முடிந்த பின் வரும் பாராட்டு இனிப்பானதுதான். அது கடைசியில் வரட்டும். நண்பர்களே, அடுத்த முறை ஒருவர் தம் படைப்பை நம் முன் நீட்டும்போது, ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு முன், ‘எதைப் பார்த்து வரைந்தாய், அதையும் காட்டு’ என்று கேட்போம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொறுமையாக எண்ணத் தொடங்குவோம்.